கும்பிட வைக்கும் மிஷின்

ஃபிரேம் கடைக்காரர்களே, கண்ணாடி உடைந்தால் மாற்றிவிடலாம். படத்தைப் பார்த்துவிட்டு ஆட்கள் பேசுவதை என்ன செய்வீர்கள்? நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். செஞ்சியில் ஃபிரேம் கடை போட்டபோது சாமி படங்கள், கோட்டைப் படங்களோடு பழங்கால வெளிநாட்டு இயந்திரப் படங்களையும் பெரிதாகப் பிரதி எடுத்து மாட்டினேன். விற்காது என்றார்கள். எனக்கு வீம்பு வந்துவிட்டது.

தள்ளி நில்லு

முதலில் விலை கேட்டவர் வல்லத்தில் வேர்க்கடலை உடைக்கும் மிஷின் வைத்திருப்பவர். அது நீராவி இன்ஜின் படம். பெரிய சக்கரம், நீளமான பெல்ட், பக்கத்தில் தொளதொள கோட்டுடன் ஒரு வெள்ளைக்காரர். வல்லத்துக்காரர் பாதி விரல் போன கையை அந்தக் கோட்டின் மேல் வைத்தார். "வாங்கிக்கறேம்மா. ஆனா இந்தாளப் பாத்தா பயமாக்குது. கோட்டு பெல்ட்டுல மாட்டிக்கும், தள்ளி நிக்கச் சொல்லு."

அமாவாசை பஸ்

அடுத்தது அரசியல் கேலிப்படம். ராஜா கைப்பிடியைச் சுற்றுகிறார். மிஷினின் வாயில் ஜனங்களைக் கொட்டுகிறார்கள். கீழே எல்லோரும் கும்பிட்டபடியே வந்து விழுகிறார்கள். எனக்கு உயிரான படம் என்பதால் கடை வாசலிலேயே மாட்டினேன். மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசைக்குப் போய்வந்த அம்மா ஒருவர், மகள் கல்யாண போட்டோவை வாங்க வந்த இடத்தில் அதைப் பார்த்து நின்றுவிட்டார். "இவங்களாவது கும்புடறாங்க. நேத்து ஸ்பெஷல் பஸ்ல எங்களுக்குக் கையத் தூக்கவே எடமில்ல."

பெயர் எழுது

கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் மாடியில் குடியிருந்தார். ஒரு கட்சியில் உள்ளூர்ப் பிரமுகர். தெருவில் போகிறவர்கள் படத்தைப் பார்த்து, "அண்ணன் ஆபீஸ்ல நடக்கறதுதானே இது?" என்று சிரிப்பது அவர் காதுக்கு எட்டி இறங்கி வந்தார். படத்தை எடு, இல்லாவிட்டால் எதிர்க்கட்சி பெயரைக் கீழே எழுது என்றார். "வரைஞ்சவரே பேர் எழுதலண்ணே, நானும் எழுத மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் கடை நினைவுக்கு வந்தது. ஏழு வருஷக் கடை. அவர் குரலை உயர்த்தவேயில்லை. "அப்போ ஒண்ணாம் தேதிக்குள்ள காலி பண்ணிடும்மா."

காலை காபி

காலி செய்தேன். மூன்று நாள் அழுதேன். நாலாம் நாள் அதே தெருவில், நேர் எதிரே, பாதி அளவில் ஒரு இடம் கிடைத்தது. முதல் ஆணியில் அந்தப் படத்தைத்தான் மாட்டினேன். மறுநாள் காலை பிரமுகர் டம்ளரும் கையுமாக மாடி வராந்தாவுக்கு வந்தார். எதிரே படத்தைப் பார்த்தார். அங்கிருந்தே கத்தினார். "இன்னாம்மா இது? கீழ இருந்தப்போ என் கண்ணுல படாமயாவது இருந்துச்சி. இனிமே டெய்லி காபியோட பாக்கணுமா?"

அந்தப் படம் இன்னும் விற்றபாடில்லை, ஆனால் ஒரு நாள் தவறாமல் பார்க்கும் வாடிக்கையாளர் ஒருவர் அதற்கு மாடியில் கிடைத்துவிட்டார்.