ஒன்பது பெண்கள் ஏறிய லோரி

கல்யாணமாகி நான் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ரயில்வே குடியிருப்புகளை ஒட்டி என் கணவருக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. லோரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை அது. பின்புறத்து ஒற்றை அறையில் எங்கள் குடித்தனம். அவர் கெட்டவர் இல்லை, பேச்சுதான் வராது. குழம்பு பிடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் சோறு கேட்பார். பிடிக்காவிட்டால் கையைக் கழுவிவிடுவார். நாலு மாதமாக எங்களுக்குள் நடந்த பேச்சு ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்த வாரம் ஒரு லோரியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். டெங்கில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிள்ளானுக்கு ரப்பர் ஏற்றிப்போகும் வண்டி. கியர்பாக்ஸில் பல் உடைந்திருந்தது. அதே மாதிரி கியர்பாக்ஸ் எங்கும் கிடைக்காமல், நொறுங்கிப்போன வேறொரு லோரியிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பொருத்தினார். அது பழையதைவிட ஒரு சாண் குட்டை. கியர்பாக்ஸ் சுற்றுவதைப் பின்சக்கர அச்சுக்குக் கொண்டுபோகும் நீளமான இரும்புத் தண்டுக்கு ஷாப்ட் என்று பெயர். கியர்பாக்ஸ் குட்டையானதால் ஷாப்டை நீட்டியாக வேண்டும். அளவைக் கொடுத்தால் கடைசல் பட்டறைச் சீனர் செய்து தருவார். நீளம் கூடினால் கியர்பாக்ஸை இடித்து உடைக்கும். குறைந்தாலோ, ஓடும்போதே கழன்று ரோட்டில் குத்தும்.

முதல் நாள் அவர் தனியாகவே அளந்து, சாக்குக்கட்டியால் சுவரில் எழுதி வைத்திருந்தார். மறுநாள் காலை, சீனரிடம் போகுமுன் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கூட வேலை செய்கிறவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அடுப்படிக்கு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நாடாவ ஒரு பக்கம் பிடிக்கணும். வரியா?”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லோரிக்கு அடியில் ஊர்ந்துபோனேன். எனக்காகப் புதுச் சாக்கு விரித்திருந்தார். பின் அச்சில் ஷாப்டை முடுக்கும் இடத்தில் நாடாவின் நுனியை வைத்து அழுத்திக்கொண்டேன். முன்பக்கம் மல்லாந்து கிடந்தபடி அவர் எண்ணைப் படித்தார்.

“நேத்து எடுத்ததவிட முக்கால் அங்குலம் குறையுது. நீ சரியாப் பிடிக்கல.”

“சரியாத்தான் பிடிச்சிருக்கேன்.”

“நுனி நழுவியிருக்கும்.”

“நழுவல. வேணும்னா நீங்க இங்க வாங்க, நான் அங்க வரேன்.”

அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. ஆனால் அவர் கோபப்படவில்லை. இடம் மாறிக்கொண்டோம். இந்தத் தடவை எண்ணைப் படித்தது நான். அதே முக்கால் அங்குலம் குறைந்தது.

“நேத்து வண்டி இப்பிடித்தான் நின்னுச்சா?” என்று கேட்டேன்.

அவர் தலையைத் திருப்பிப் பின்சக்கரத்தைப் பார்த்தார்.

“நேத்து பின்பக்கத்த ஜாக்கில தூக்கி வச்சிருந்தேன். சக்கரம் தரையிலயே இல்ல. அச்சு தொங்கிக்கிட்டு இருந்திருக்கு, அதான் அளவு கூடிப்போச்சு” என்றார். பிறகு தாழ்ந்த குரலில், “தப்பு என்னோடது. உன்னப் போயி...” என்று இழுத்தார். எண்ணெய்க் கையோடு என் முழங்கையை மெல்லத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்.

பாரம் ஏறினால் அளவு இன்னும் மாறுமாம். ஏற்றிவைத்து அளந்தால்தான் நம்பலாம் என்றார். பட்டறையிலோ ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை. வெளியே குழாயடியில் ரயில்வே குடியிருப்புப் பெண்களின் பேச்சு கேட்டது.

“அவங்கள ஏத்திப் பாப்போமா?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அவருக்கு முன்பல் ஒன்று லேசாகக் கோணல் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண்களோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்கள் போன பிறகே தண்ணீருக்குப் போவேன். முழங்கையில் கறையோடு அவர்கள்முன் போய் நின்று, “அக்கா, கொஞ்சம் எங்க லோரியில ஏறி உக்காருவீங்களா?” என்று கேட்டேன்.

“எங்க போவுது?”

“எங்கயும் போவல. சும்மா உக்காரணும்.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிடம் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு வந்தார்கள். முக்காலி போட்டு ஒவ்வொருவராக ஏற்றினேன். ஒன்பது பேர். அதில் ஒருத்திக்கு ஏழாம் மாதம். “என்னை ரெண்டு ஆளா எண்ணிக்கலாம்!” என்றாள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க வண்டி ஆடியது.

“அசையாம இருக்கச் சொல்லு!” என்றார் அவர் அடியிலிருந்து.

“அக்கா, மூச்சப் பிடிச்சிக்குங்க!” என்று கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள். ஒருவழியாக அமைதியானதும் அளந்தோம். அளவு இன்னும் கால் அங்குலம் குறைந்திருந்தது. சுவரில் இருந்ததை அழித்துவிட்டு, என்னையே புது அளவை எழுதச் சொன்னார்.

மூன்றாம் நாள் ஷாப்ட் வந்தது, சிக்கலில்லாமல் உட்கார்ந்தது. டெங்கிலில் ரப்பர் ஏற்றிக் கிள்ளான் வரை தானே ஓட்டிப் பார்ப்பதாக லோரிக்காரரிடம் சொன்னார். என்னையும் வரச் சொன்னார். “அளவு எடுத்தவங்க வராம எப்பிடி?” என்று லோரிக்காரர் தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்து, பின்னால் ரப்பர் கட்டுகள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மேட்டிலும் பள்ளத்திலும் அவர் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். இடிப்போ உறுமலோ இல்லை. பாதி வழிக்குமேல் தோள் தளர்ந்தது. ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“உங்க வீட்டுல உன்னச் செல்லமா என்னன்னு கூப்பிடுவாங்க?”

சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன். அவர் வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கிள்ளான் வந்து சேருமுன் ஒருமுறை, கொஞ்சம் சத்தமாகவே, அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டார்.