நனையாத வார்க்கயிறு

மாடுகளின் வாயிலும் குளம்பிலும் புண் போடுகிற நோய், கனகராயன்குளத்துக்கு உள்ளே காட்டோர ஊர்களில் பரவிய வருஷம் அது. வவுனியாவிலிருந்து வந்த மாட்டு டொக்குத்தரிடம் மருந்து இருந்தது. காட்டில் மேய்ந்து பழகிய மாடுகளைப் பிடித்துக் கொடுக்கத்தான் ஆளில்லை. கூலி கொடுக்க அந்தச் சனங்களிடம் வழியுமில்லை. அம்மாவின் தம்பி, எங்களோடிருந்த என் மாமா, தானாகவே போனார். மான்தோலில் திரித்த வார்க்கயிறு ஒன்று வைத்திருந்தார். அவர் வீசினால் எந்த முரட்டு நாம்பன் மாடும் நின்றுவிடும்.

"டொக்குத்தருக்குச் சம்பளம் வரும். உனக்கு என்னடா வரும்?" என்பார் அம்மா.

"புண்ணியம் வருமக்கா."

"அதைக் கொண்டுவந்து உலையிலை போடு."

அம்மா அப்படிப் பேசக் காரணம் இருந்தது. காய்ச்சலில் அவருக்குப் பால் வற்றியிருந்தது. கைக்குழந்தையான என் தம்பி குடித்ததெல்லாம் எங்கள் ஒற்றைப் பசு சிவப்பியின் பால். நோய் மாமாவோடு வீட்டுக்கு வந்துவிட்டால்?

எதற்கும் பயந்து சாகிற எனக்கு அது போதும். கைகால் கழுவ டொக்குத்தர் கொடுத்த ஊதா நிறத் தூளைக் கரைத்துக்கொண்டு வாசல் படலையில் காத்திருப்பேன். மாமாவின் நகங்களைக்கூட விடமாட்டேன். கட்டியிருந்த சாரத்தையும் அங்கேயே மாற்ற வைப்பேன்.

"இவள் டொக்குத்தரிலும் பொல்லாதவள்!" என்று சிரிப்பார். பிறகு கயிற்றைக் கொண்டுபோய்க் மாட்டுக்கொட்டிலின் கூரை வளையில் தொங்கவிடுவார். சிவப்பியின் கன்று அதன் நுனியை எட்டி எட்டி நக்கும்.

ஒருநாள் விடிய சிவப்பி எழும்பவில்லை. வாயிலிருந்து நூல்நூலாக வீணி வடிந்தது. கன்று நின்றபடியே விழுந்து செத்தது. அதன்பிறகு சிவப்பி காம்பில் கைவைக்க விடவில்லை. தம்பி பசியில் வீரிட்டுக்கொண்டிருந்தான்.

டொக்குத்தர் வந்து பார்த்தார்.

"கைகால் கழுவினனீர்தானே?"

மாமா தலையாட்டினார். டொக்குத்தரின் பார்வை வளையில் போய் நின்றது.

"கயிறு?"

மாமாவும் நிமிர்ந்து கயிற்றைப் பார்த்தார். பதில் தெரியாமல் நிற்கிறாராக்கும் என்று நான் முந்திக்கொண்டேன்.

"வார்க்கயிறை நனைக்கக் கூடாது, டொக்குத்தர் ஐயா. விறைச்சுப் போகும். மழை வந்தால் மாமா தான் நனைஞ்சுகொண்டு, கயிறுக்குத்தான் சாக்குச் சுத்துவார்."

நன்றாகச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் மாமா கயிற்றை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார். ஊஞ்சல் கட்டத் தாங்கோ என்று ஓடினேன். முதல்முறையாக என்னை அடித்தார்.

அயலூரார் திரும்பவும் வந்து கூப்பிட்டார்கள். மாமா வெளியே தலைகாட்டவில்லை. "தன்ரை கண்டுக்குட்டி செத்தவுடனை ஊரை மறந்திட்டான்" என்று படலையில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். அம்மாவும் மறுத்துச் சொல்லவில்லை. தம்பி கஞ்சித்தண்ணீரில் மெலிந்து நோஞ்சானானான். அவனைத் தூக்கி வைத்திருக்க ஆள் வேண்டுமென்று என் பள்ளிக்கூடமும் நின்றது.

எனக்கு மாமாமேல் கோபம் ஆறவேயில்லை. ஒரு துளி தண்ணீர் படாமல் வைத்திருந்த கயிறு, ஒரு பிரிகூட இற்றுப்போகவில்லை. அதைப் போய் ஏன் எரித்தார் என்று, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பல நாள் யோசித்திருக்கிறேன்.