கல்வீட்டில் ஏற்றிய கற்பூரம்

ஆதி மனிதர்கள் எழுப்பிய கல்வீடுகளைப் பார்க்க ஜவ்வாது மலைக்குக் கணவருடன் போயிருந்தேன். பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய வீடுகள், சரிவெங்கும் ஓர் ஊர் போலவே நின்றன. ஒவ்வொன்றாக நடந்து பார்த்தோம்.

ஒன்றுக்குள் மஞ்சள் பூசிய கல் இருந்தது. சாமியைக் கண்டால் எனக்குச் சும்மா வர மனம் வராது. கைப்பையிலிருந்த கற்பூரத்தை எடுத்து ஏற்றினேன். புகை மேல்கல்லில் முட்டியதும் 'கும்'மென்று இரைச்சல். கல்லிடுக்கில் தேன்கூடு!

கணவரின் கழுத்தில் முதல் கொட்டு விழுந்தது. அவர் கையை வீச, கூட்டமே கிளம்பியது.

"கைய வீசாதீங்க! அப்டியே குந்துங்க!"

கீழே புளி பொறுக்கிக்கொண்டிருந்த பெண் கத்திக்கொண்டே ஓடிவந்து, இரண்டு கோணிகளை எங்கள் மேல் போர்த்தினார். மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தோம். தலைக்கு மேல் இரைச்சல் சுற்றிச் சுற்றி வந்தது. அடங்க வெகுநேரமாயிற்று.

"இன்னாத்துக்குங்க கொளுத்தனீங்க? நாங்க பூவு வெச்சிட்டு வந்துருவோம்" என்ற குரல் கேட்டு எழுந்தேன். அந்தப் பெண்ணின் முகம் வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. அவரிடம் மூன்றாவது கோணி இல்லை.

கைப்பையில் இப்போது கற்பூரம் கிடையாது. வெளியூரில் எந்தச் சாமியானாலும் கை மட்டும்தான் கூப்புகிறேன். கண்ணை மூடினால் அந்த முகம்தான் தெரிகிறது.