தடித்த ரயரும் மெல்லிய ரயரும்

அளம்பில் என்ற ஊரின் கரையில் சுசிலாவைத் தெரியாதவர்கள் இல்லை. கொக்கிளாயில் பிறந்து, அங்கிருந்து ஊரோடு இடம்பெயர்ந்து வந்து, கரைவலை இழுக்கிற இடத்துக்குக் கிட்ட ஓலைக் கொட்டில் போட்டு இருந்தவள். குரல் பெரிது. கரையில் நின்று கூப்பிட்டால் வள்ளத்தில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்டவளிடம் ஒரு இரகசியம் இருந்தது என்று அந்த வருசம் யாரும் சொல்லியிருந்தால் கரையே சிரித்திருக்கும்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. போர்த் தடையால் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத காலம். மீன் ஊருக்குள் போவதென்றால் சைக்கிளில்தான் போகவேண்டும். சுசிலாவின் புருசன் பேதுருவிடம் ஒரு மவுன்ரன் சைக்கிள் இருந்தது. விரல் நுழைகிற அளவு பள்ளம் பள்ளமாக வெட்டிய தடித்த ரயர். பின்னால் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு தண்ணீரூற்று, முள்ளியவளை என்று ஊர் ஊராக விற்றுவருவான். கரையிலிருந்து தார் றோட்டுக்கு ஏறும் ஒழுங்கையில் மணல் கணுக்கால் வரை புதையும். அதில் எந்தச் சைக்கிள்காரனும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். தார் றோட்டில் ஏறியபிறகு பேதுருவின் ரயர் உர்ரென்று உறுமும், சைக்கிள் நகராது. பக்கத்துக் கொட்டில் றொமேஸ் மெல்லிய ரயர்ச் சைக்கிளில் பின்னால் வந்து, மணியை அடித்து, முந்திக்கொண்டு போவான்.

“பேதுரு அண்ணை, ஆறுதலா வாங்கோ! மீன் நித்திரை கொள்ளட்டும்!”

பேதுரு போய்ச் சேரும்போது நல்ல வீடுகளில் எல்லாம் றொமேஸின் மீன் சட்டிக்குள் கொதித்துக்கொண்டிருக்கும்.

“எனக்கு இது சரிவராது. மெல்லிய ரயர்ச் சைக்கிள் ஒண்டு எடுக்கத்தான் வேணும்” என்றான் ஒருநாள், விற்காத சூடை மீனைக் கொண்டுவந்து அவள் முன்னால் கொட்டிவிட்டு.

புதுச் சைக்கிள் வருவதில் சுசிலாவுக்குச் சந்தோசம்தான். பழையது போய்விடுமே என்பதுதான் அவள் பயம்.

பேதுரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சரிந்தான் என்றால் வெயில் தாழும்வரை எழும்பமாட்டான். அந்த நேரத்தில்தான் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகத் தொடங்கினாள். முதலில் ஒழுங்கை மணலில் ஏறி, ஏறிய பக்கமே விழுந்தாள். முழங்கை உரிந்தது. பிறகு ஒருநாள் கோபத்தில் கடற்கரைக்கே கொண்டுபோனாள். அலை வந்து நனைத்துவிட்டுப் போன மணல் சீமெந்துபோல இறுகிக் கிடந்தது. ஏறி மிதித்தாள். சைக்கிள் போனது! தண்ணீர் விளிம்போடு, நண்டுகள் தெறித்து ஓட, தடித்த ரயர் ஈரமணலில் பதிந்து பதிந்து போனது. அவள் வாய்விட்டுக் கத்தினாள். நல்லவேளை, அலை அதைவிடப் பெரிதாய்க் கத்தியது.

கடல்தண்ணி இரும்பைத் தின்னும் என்று கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் ஒருவரும் சைக்கிளை அந்தப் பக்கம் கொண்டுபோவதில்லை. சுசிலா ஒவ்வொருநாளும் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டாள். நல்ல எண்ணெய்க்கு எங்கே போவது? வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெய்தான் இருந்தது.

இரண்டு கிழமையில் ஊர்ப் பூனையெல்லாம் சைக்கிளைச் சுற்றிக் கூடிவிட்டது.

“இந்தப் பூனையள் ஏன் என்ர செயினை நக்குது?” பேதுரு குனிந்து மோந்து பார்த்தான். “சுறா! நான் படுத்தவுடன அந்த றொமேஸ் இதை எடுத்துச் சுறா ஏத்திறான். கையும் களவுமாய்ப் பிடிக்கிறன் பார்!”

சுசிலா வெங்காயத்தை மிகக் கவனமாக உரித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு, கடற்கரைக் கோயிலில் பூசை முடிந்த கையோடு, பேதுரு அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முள்ளியவளைக்குப் போனான். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த வீரபாகு அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். மெல்லிய ரயரில் மூன்று நின்றன.

முதலாவது வெளிநாட்டுச் சாமான். கைபிடி ஆட்டுக்கடாவின் கொம்புமாதிரி வளைந்திருந்தது. கியர் பத்து. பேதுரு ஏறி ஒரு சுற்றுப் போய்வந்தான். இறங்கும்போது கண் மினுங்கியது.

“எடுத்தா இதுதான்! காத்துமாதிரிப் போகுது!”

“இதில குனிஞ்சு போனா சனம் உங்கட முகத்தைக் காணாது, வேற எதையோ எல்லோ காணும்” என்றாள் சுசிலா. “மீன்பெட்டியை எங்க கட்டுறது? உங்கட முதுகிலையோ?”

வீரபாகு சிரித்துவிட்டு, “தம்பி, விலை கொஞ்சம் கூடத்தான். ஆனா உம்மட மவுன்ரனைத் தந்தீரெண்டா மிச்சத்தைப் பாத்துச் செய்யலாம். காட்டுப் பாதையில போறவை அதைத்தான் கேட்டு வருகினம்” என்றார்.

“ஓம், எடுங்கோ” என்றான் பேதுரு.

“இல்லை!”

கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏனடி? அது உனக்கு என்னத்துக்கு?”

சுசிலா பாவாடையை ஒருபக்கம் இழுத்துச் செருகினாள். மவுன்ரன் சைக்கிளின் சரிந்த பாருக்கு மேலால் காலைப் போட்டாள். ஒரு மிதி, இரண்டு மிதி, சந்திக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு மாட்டுவண்டிலைச் சுற்றி வளைத்துக்கொண்டு திரும்பிவந்து, பேதுருவின் கால்விரலுக்குக் கிட்டப் பிறேக் பிடித்து, மணியையும் ஒருக்கால் அடித்தாள்.

பேதுரு குனிந்து செயினைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“அப்ப அந்தச் சுறா எண்ணெய்?”

“நான்தான் பூசினனான்.”

“றொமேஸ்?”

“அவன் பாவம். நீங்கள் ஏன் முறைக்கிறியள் எண்டு தெரியாமத் திரியிறான்.”

“எங்க ஓடினனி? ஒழுங்கை மணலிலையோ?”

“தண்ணி விளிம்பில. ஈர மணலில ஒருக்காலும் இறங்கித் தள்ளேல்லை. வலை இழுக்கிற இடத்தில இருந்து கோயில் வரைக்கும் அப்பிடியே மிதிக்கலாம். கோயிலடியில ஏறினா தார் றோட்டு.”

வியர்த்துக் கொட்ட ஒழுங்கையில் தான் பெட்டியோடு தள்ளிய காலைகளெல்லாம் பேதுருவின் முகத்தில் போய்வந்தன. திடீரென்று சிரித்தான். அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான், புதிதாய்ச் சந்திக்கிற யாரோ ஒருத்தியின் கையைப்போல.

“நீ பெட்டியைக் கோயிலடிக்குக் கொண்டுவா. அங்கால நான் பறக்கிறன்.”

அதற்குப் பிறகு மவுன்ரனை விற்கிற கதையே இல்லை. வெளிநாட்டுச் சாமான் கைக்கு எட்டாமல் போனது. ஆக மலிந்ததின் முன்கவடு வளைந்திருந்தது. கையை விட்டால் தானாக இடப்பக்கம் இழுத்தது. மிஞ்சியது நடுவில் நின்ற நீலம். நேரான கைபிடி, மூன்று கியர், உறுதியான கரியர். சுசிலாவின் சீட்டுக்காசுக்குள் அது அடங்கியது.

“பெட்டி தாங்குமோ எண்டு பாக்கவேணும். நீ ஏறு.”

“நான் பெட்டியோ?”

“பெட்டி இவ்வளவு கதைக்காது. ஏறு!”

மவுன்ரன் கடை வாசலில் நிற்க, நீலச் சைக்கிள் சத்தமே இல்லாமல் தார் றோட்டில் வழுக்கிக்கொண்டு போனது. சுசிலாவின் கொண்டை அவிழ்ந்தது. குழி வந்த இடமெல்லாம் “விலத்துங்கோ! விலத்துங்கோ!” என்று அவள் கத்த, அவன் கெக்கட்டமிட்டுச் சிரித்தான்.

மறுநாள் விடிய வலை கரைக்கு வந்தது. பாரை மீன் நல்லாய்ப் பட்டிருந்தது. சுசிலா பெட்டியைக் கட்டிக்கொண்டு தண்ணீர் விளிம்பில் மிதித்தாள். கட்டின பாரத்தோடு அவள் ஓடுவது அதுதான் முதல்முறை. கைபிடி ஒருக்கால் ஆட, இறுக்கிப் பிடித்தாள். அலை வந்து பாதத்தை நனைத்தது. அவள் நிற்கவில்லை. கோயிலடியில் பேதுரு நீலச் சைக்கிளோடு நின்று, பெட்டியை மாற்றிக் கட்டி, “வாறன்!” என்ற சொல் முடியுமுன் வளைவில் மறைந்துவிட்டான்.

சற்றுத் தள்ளி, ஒழுங்கை வாயில் றொமேஸ் அப்போதுதான் மணலிலிருந்து சைக்கிளை இழுத்து எடுத்துக்கொண்டிருந்தான். சேட்டெல்லாம் வியர்வையில் ஈரம். பேதுரு மறைந்த வளைவையும் நிற்கிற சுசிலாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

“சுசிலாக்கா, நாளைக்கு என்ர பெட்டியையும் உதில கொண்டந்து விடுவியளோ? அண்ணையிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ.”

சுசிலா சைக்கிளைக் கடற்கரைப் பக்கம் திருப்பினாள்.

“அவரிட்ட ஏன் கேப்பான்? இது என்ர சைக்கிள்.”