அவன் வாங்கிய வீடு

வீடு பார்க்க வருகிறவர்களை முப்பிடாதி நிறையப் பார்த்திருக்கிறாள். வாடகைக்கு வருகிறவன் நேரே போய்க் குழாயைத் திறந்து பார்ப்பான். விலைக்குக் கேட்கிறவன் அண்ணாந்து கூரையைப் பார்ப்பான். விற்க நினைக்கிறவனும் கூரையைத்தான் பார்ப்பான். போன மாதம் வந்த மகன் அருண்பாண்டி, அவள் கொடுத்த சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு, உட்காராமல், ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் நடுவே கண்ணை ஓடவிட்டுக்கொண்டிருந்தான். சாயா ஆறிப்போனது.

கொச்சி மட்டாஞ்சேரியில், மிளகு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிகளுக்குப் பின்னால் போகிற சந்தில் இருக்கிறது அந்த வீடு. முன்பக்கம் ஷபானாவும் அவள் புருஷன் ரஷீதும் தையல் மிஷின் போட்டுக் குடியிருந்தார்கள். நடு அறையில் போர்ட் கொச்சி ஹோட்டல்களில் வேலை செய்கிற தென்காசிப் பக்கத்துப் பையன்கள். கடைசியில், கிணற்றடியை ஒட்டின ஒற்றை அறையில் முப்பிடாதி. பாலக்காட்டுத் தமிழ்க்காரியான ஷபானா அவளைக் கேலியாக ‘மொதலாளி’ என்றுதான் கூப்பிடுவாள்.

“மொதலாளி, ஒங்க வீட்டு எலி ராத்திரி எங்க வீட்டுக்கு வந்து வாடகை கேக்குது.”

முப்பிடாதி வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரிப்பாள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசியது குறைவு. பேசாததற்கெல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கல்யாணமான புதிதில் புருஷன் செல்லப்பாவோடு கொச்சிக்கு வந்தாள். கிட்டங்கிகளில் கிழிந்த சாக்குகளை வாங்கி, உதறி, தைத்து, திரும்ப அவர்களுக்கே விற்கிற வேலை. மிளகுத் தூசியும் சுக்குத் தூசியும் செல்லப்பாவின் நெஞ்சில் ஏறியது. கோணி ஊசி குத்திக் குத்தி அவள் விரல் நுனிகள் காய்த்துப் போயின. மரியம் சேச்சி என்கிற மலையாளத்து வீட்டுக்காரியின் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துகொண்டேதான் ஒரே மகனைப் பெற்று, மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, ஆளாக்கினார்கள். இடப்பள்ளியில் பெரிய கடையொன்றில் அவனுக்கு வேலையும் கிடைத்தது.

பெண் பார்க்கப் போனபோதுதான் இடி விழுந்தது. ஊர்ப்பக்கம் இரண்டு இடம் கைகூடி வந்து கலைந்து போனது. காரணத்தை ஒருத்தர் முகத்துக்கு நேரே சொன்னார். “முப்பது வருஷமா கொச்சியில கெடந்தும் வாடகை வீடுதானா? நாளைக்கு எம் பொண்ணை எந்த முடுக்குல கொண்டு வைப்பிய?”

அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் மகன் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான். அழுகிறானோ என்று முப்பிடாதி எட்டிப் பார்த்தாள். அழவில்லை. அது அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அதன் பிறகுதான் இந்த வீட்டை வாங்கினார்கள். சேர்த்தது, காதில் கழுத்தில் கிடந்தது, ஊரில் இருந்த துண்டு நிலம் எல்லாம் இதற்குள் போயிற்று. மூன்று குடித்தனம் உள்ள வீடு. குடியிருக்கிறவன் என்ற பேர் போய் வாடகை வாங்குகிறவன் என்று மகனுக்குப் பேர் வரட்டும் என்று செல்லப்பா சொன்னார். பத்திரம் எழுதுகிறவர், “அச்சன்டெ பேரும் கூடப் போடட்டே?” என்று கேட்டார். செல்லப்பா கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

“அப்பன் பேரும் கெடந்தா, பொண்ணு குடுக்கவன் இது அப்பன் வீடும்பான். அவன் பேரு மட்டும் போடுங்க. பெத்த பிள்ளைகிட்ட என்ன பங்கு?”

முப்பிடாதிக்கும் அதுவே சரி என்று பட்டது. அவர்கள் இரண்டு பேரும் மரியம் சேச்சியின் அறையிலேயே இருந்தார்கள்.

அடுத்து வந்த இடம் சுரண்டையில் சிமெண்ட் கடை வைத்திருந்த சங்கரலிங்கம். வீட்டைப் பார்க்க அவரே நேரில் வந்தார். குழாயையும் பார்த்தார், கூரையையும் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, “இது யாரு சம்பாத்தியம்?” என்றார்.

செல்லப்பாவுக்குப் பொய் வராது. இருமினார். இருமல் நீண்டுகொண்டே போயிற்று. மகன் தரையைப் பார்த்தான். அப்போது கதவுக்குப் பின்னால் நின்ற முப்பிடாதி, வாழ்நாளில் முதல் தடவையாக அந்நிய ஆண்கள் நடுவே குரல் கொடுத்தாள்.

“அவன் சம்பாத்தியந்தான். நாங்க சாக்கு தைக்கவங்க. எங்களுக்கு வீடு வாங்க வக்கு ஏது?”

சங்கரலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். அந்த நிமிஷமே அவருக்கு அவர்களைப் பிடித்துப் போயிற்று. மறு மாதம் பாக்கியலக்ஷ்மி மருமகளாக வந்தாள். கடைக்குப் பக்கம் என்று மகனும் அவளும் இடப்பள்ளியில் குடியிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் முப்பிடாதி அதே வார்த்தையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது கூச்சமில்லாமல் வந்தது.

செல்லப்பா நெஞ்சுச் சளியில் போன பிறகு அவள் இந்தக் கிணற்றடி அறைக்கு வந்தாள். “வாடகைய நீயே வச்சுக்கோம்மா” என்றான் மகன். விரல்கள் மடங்க மறுத்ததால் ஊசியை விட்டாயிற்று. அந்த வாடகையில்தான் உலை கொதித்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் காரில் வந்தார்கள். கூடவே நௌஷாத் என்கிற தரகர். அவர் செருப்போடு உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்.

“பழைய ஓடு. வெள்ளக்காரங்களுக்கு இதுதான் இஷ்டம். ஹோம்ஸ்டேக்கு நல்ல பார்ட்டி உண்டு, மோனே.”

முப்பிடாதி மகனிடம் மெதுவாகக் கேட்டாள். “விக்கணுமாய்யா?”

“இடப்பள்ளியில ஃபிளாட் ஒண்ணு சொல்லி வச்சிருக்கும்மா. இத வித்தாத்தான் அத முடிக்க முடியும்.”

“நான் இருக்க மட்டும் கெடக்கட்டுமே. அப்புறம் நீ என்னமும் செய்யி.”

“நீங்க எங்ககூட வந்துருங்க அத்தை. ஒங்கள யாரு வேண்டாம்னா?” என்றாள் பாக்கியலக்ஷ்மி. அவள் கெட்டவள் இல்லை. வரும்போதெல்லாம் மாமியாருக்குப் பிடித்த நேந்திரங்காய் வறுவல் வாங்கி வருகிறவள். “இவுக பாடுபட்டு வாங்குனது. இவுகளுக்கு ஒரு நல்லது நடக்கட்டும்.”

ஒரு மாதமாகப் பாத்திரம் விளக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தையை முப்பிடாதி வாய்க்குக் கொண்டுவந்தாள்.

“அதில்லம்மா. இந்த வீட்ட நானும் ஒங்க மாமாவும்தான்...”

பாக்கியலக்ஷ்மி சிரித்துவிட்டாள். “நீங்களும் மாமாவுமா? ‘சாக்கு தைக்கவங்களுக்கு வீடு வாங்க வக்கு ஏது’ன்னு நீங்க சொன்னத எங்க அப்பா இன்னைக்கும் சோறு திங்கையில சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு அத்தை. ‘அந்தம்மா வாயில பொய் வராது தாயி, அந்த ஒரு சொல்லுக்குத்தான் ஒன்னைக் குடுத்தேன்’ம்பாரு.”

அவள் முகத்தில் கள்ளமே இல்லை. இத்தனை வருஷத்தில் மகன் அவளிடம் உண்மையைச் சொல்லவே இல்லை என்பது முப்பிடாதிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனைத் திரும்பிப் பார்த்தாள். கால் பெருவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு வந்து வாசலில் நிற்பானே, அதே நிற்பு. இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் வீடு நிற்கலாம். அவன் பெண்டாட்டி முன்னால், நாளைக்கு மாமனார் முன்னால், அவன் நிற்கமாட்டான்.

“மாமாவும் நானுந்தான் இதுக்குச் சுண்ணாம்பு அடிச்சோம்னு சொல்ல வந்தேன்” என்றாள் முப்பிடாதி. “அவன் வாங்குனது. அவன் வித்துக்கிடுதான்.”

நௌஷாத் தலையாட்டினார். கையை நீட்டி முன்னறை, நடு அறை, கிணற்றடி அறை என்று சுட்டிக்கொண்டே, “அப்போ மூணு குடியும் ஒழிஞ்சு கிட்டணும், அல்லே?” என்றார்.

கிணற்றடி அறையில் இருப்பது தன் அம்மா என்று அருண்பாண்டி சொல்வான் என்று அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். “ஒழிஞ்சிரும்” என்றான் அவன்.

மற்றவர்கள் காருக்குப் போன பிறகு அவன் மட்டும் திரும்பி வந்தான். அம்மாவின் கையைப் பிடித்தான். காய்த்துப்போன விரல்களை அவன் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

“நீ சொல்லிருவியோன்னு பயந்துட்டேம்மா.”

அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள். “போ, அவ காத்துக் கெடக்கா.”

ஷபானாவிடம் அன்று மாலையே சொன்னாள். ஷபானா மிஷினை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். “நாங்க ஒழியிறோம், சரி. நீங்க ஏன் மொதலாளி ஒழியணும்? ஒங்க வீடுதானே?”

“அவன் வாங்குனது” என்றாள் முப்பிடாதி.

ஷபானா அதற்குப் பிறகு அவளை ‘அக்கா’ என்று கூப்பிட்டாள்.

இடப்பள்ளிக்கு அவள் போகவில்லை. மகன் இரண்டு தடவை போன் செய்தான், மருமகளும் கூப்பிட்டாள். “பழகுன எடத்துலயே இருந்துக்கிடுதேன்” என்றாள். சங்கரலிங்கம் மகளைப் பார்க்க மாதம் ஒரு முறை வருவார். சோற்றுக்கு உட்காருவார். சாக்குக்காரச் சம்மந்தியின் சொல்லைச் சொல்லிச் சிரிப்பார். மகன் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கே இருந்தால் பரிமாறிக்கொண்டு அவளும் சிரிக்க வேண்டியிருக்கும். அதை அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

கிட்டங்கிகளில் இப்போது பிளாஸ்டிக் சாக்குதான். சணல் சாக்கு கொஞ்சம் வருகிற ஒரு இடத்தில் போய் வேலை கேட்டாள். விரலைக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். தரையைப் பெருக்கிச் சுத்தம் செய்ய வேண்டுமானால் வரச் சொன்னார்கள்.

அங்கிருந்து நேரே மரியம் சேச்சியின் வீட்டுக்குப் போனாள். மரியம் சேச்சிக்கு வயதாகிக் கண் மங்கியிருந்தது. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்.

“அருணின்டெ அம்மையல்லே? பழைய ரூமா வேணும்? ஏன், மோன் வாங்கின வீடு எங்க போச்சு?”

“வித்துட்டான் சேச்சி.”

“விக்கட்டே. அவன் வீடு, அவன் விக்கறான். ஒனக்கு என்ன குறைச்சல்? இத்ர நல்ல மோன் யாருக்குக் கிட்டும்?”

“ஆமா சேச்சி.”

சேச்சி சாவியைக் கொடுத்தார். கதவு ஈரத்தில் உப்பி, தோளால் தள்ள வேண்டியிருந்தது. உள்ளே சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தது. செல்லப்பா சாய்ந்து உட்காருகிற சுவரில் யாரோ பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். முப்பிடாதி அண்ணாந்து பார்க்கவில்லை. மூலையில் இருந்த குழாயண்டை போய், குனிந்து, திருகினாள்.

குழாய் இருமியது. காற்றுதான் வந்தது. தண்ணீர் வருமோ என்று அவள் கையை அதன் அடியில் ஏந்தியபடி நின்றாள்.