மூன்றாம் தரம் கூப்பிட்டபோது

1. வாசலில் நிற்கிற வேலை

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கல்முனைப் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றில் சேவகனாகச் சேர்ந்தபோது, பாய் விரிப்பதும் தண்ணீர் இறைப்பதும்தான் வேலை என்று நினைத்திருந்தேன். முதல் நாளே, பள்ளிவாசலை நடத்தும் தலைமை மரைக்காயர் இன்னொரு வேலையும் தந்தார்.

ஊரில் வரம்புச் சண்டையோ, வேலிச் சண்டையோ, பங்குப் பிரச்சினையோ எது வந்தாலும், வழக்கென்று கோட்டுக்குப் போகுமுன் எங்கள் மரைக்காயர் சபைக்கு வரும். ஊரின் ஒவ்வொரு குடிவழிக்கும் ஒரு மரைக்காயராக உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். பேச்சுத் தொடங்குமுன் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவர் பெயரையும் வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அவர் வரவில்லை என்று வைத்துக்கொண்டு பேசுவார்கள். கூப்பிடுகிறவன் நான்.

நாலு பேர் பார்க்க வாய் திறப்பதென்றால் எனக்கு உடம்பு கூசும். முதல் தரம் நான் கூப்பிட்டதைக் கேட்டு, "இந்தச் சத்தத்துக்குக் கோழியும் திரும்பிப் பாக்காது தம்பி" என்று தலைமை மரைக்காயர் சிரித்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கூப்பிடும் ஆள் தூரத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு கூப்பிடுவேன். குரல் தானாக வந்தது.

2. ஆதம்பாவாவின் வயல்

சூறாவளி அடித்த அன்று ஆதம்பாவா என்பவர் தோணியை மேலே இழுத்துக் கட்டப் போனார். திரும்பவில்லை. தோணியும் இல்லை, மையித்தாக உடம்பும் கரை ஒதுங்கவில்லை.

சவளக்கடை என்ற இடத்தில் அவருக்கு வயல் இருந்தது. அவர் மனைவி பாத்தும்மா அதை யாருக்கும் விதைக்கக் கொடுக்கவில்லை. உடையவர் வந்து விதைப்பார் என்று சொல்லிவிட்டார். போகம் போகமாக வயல் புல் பிடித்துக் கிடந்தது. ஆதம்பாவாவின் தம்பி இஸ்மாலெவ்வை சபைக்கு வந்து முறையிட்டார். காக்கா மௌத்து, அண்ணன் இறந்துவிட்டார் என்று சபை சொல்ல வேண்டும் என்றார். அப்படிச் சொன்னால் மனைவிக்கும் ஒரே மகளுக்கும் உள்ளது போக மிச்சம் அவருக்கு வரும். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் கலியாணத்துக்கு நிற்கும் மூன்று கொமர். சீதனமாகக் கொடுக்க ஒன்றுக்கும் வீடு கட்டி முடியவில்லை. சபையில் தீராவிட்டால் கோட்டுக்குப் போவதென்று லோயரையும் பார்த்துவிட்டார்.

பெண்பிள்ளையின் வழக்கு என்பதால் சபை பாத்தும்மாவின் வீட்டுக்குப் போனது. பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. வீடு கடலோரம். சுற்றியிருந்த தென்னைகள் சூறாவளியில் தலை முறிந்து வெறும் மரங்களாக நின்றன. வேலியில் ஆம்பிளைச் சாரன் ஒன்று துவைத்துக் காயப்போட்டிருந்தது. மரைக்காயர்மார் முற்றத்தில் கதிரைகளில் இருந்தார்கள். பாத்தும்மா கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்தார்.

நான் வேலிக் கடப்படியில் நின்று தம்பியின் பெயரைக் கூப்பிட்டேன். பாத்தும்மாவின் பெயரைக் கூப்பிட்டேன். இருவரும் பதில் சொன்னார்கள்.

தலைமை மரைக்காயர், "ஆதம்பாவாவையும் கூப்பிடு" என்றார். நான் அவரைப் பார்த்தேன். "வயல் அவருட பேர்ல இரிக்கி. ஆளைக் கூப்பிடாமப் பங்கு கதைக்க ஏலா. முறைக்குத்தானே, கூப்பிடு."

வழக்கம்போலத் தூரத்தை நினைத்துக்கொண்டு கூப்பிட்டேன். இஸ்மாலெவ்வை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தரம் கூப்பிட்டேன். முற்றத்தில் கொத்திக்கொண்டிருந்த கோழிகள் தலையைத் தூக்கி நின்றன. கடல் இரைச்சல் கேட்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். மூன்றாம் தரம் கூப்பிட்டேன்.

"ஓம், வாறன்."

வேலிக்கு அந்தப் பக்கம், கடற்கரையிலிருந்து வந்தது. கையில் வேலையாக இருக்கும் ஆள் நிமிராமல் சொல்வது போன்ற சத்தம்.

இஸ்மாலெவ்வை கடப்பைத் தாண்டி ஓடினார். பின்னால் ஒரு மரைக்காயர் போனார். இருவரும் திரும்பி வந்தார்கள். பிறகு மரைக்காயர்தான் தணிந்த குரலில் சொன்னார், கரையில் ஆளும் இல்லை, மணலில் ஒரு காலடியும் இல்லை என்று. இஸ்மாலெவ்வை கதிரையில் இருக்காமல் மண்ணில் குந்திவிட்டார்.

"காக்காட சத்தம். எனக்குத் தெரியாதா? அவர் மௌத்தாகல்ல, ஹயாத்தோட இரிக்கார். எனக்கு இந்தப் பங்கு வேணாம்."

சீலைக்குப் பின்னாலிருந்து பாத்தும்மா, "என்ன நடந்த?" என்று கேட்டார்.

"கேக்கல்லியா புள்ள?" என்றார் தலைமை மரைக்காயர். "பதில் வந்திச்சே."

பிறகு பாத்தும்மா அழாமல் பேசினார்.

"எனக்குக் கேக்கல்ல. அவர் போன நாளிலரிந்து இந்தப் பக்கம்தான் காதைக் குடுத்துக்கிட்டு இரிக்கன். உங்க எல்லாருக்கும் கேட்டு எனக்குக் கேக்கல்லையெண்டா, அது அவர் இல்ல. அவர் மௌத்துத்தான். புருசன் மௌத்தான பொம்புளையா நான் இத்தா இரிக்கன். பங்கைப் பிரிங்க."

இஸ்மாலெவ்வை என் கையைப் பிடித்தார். "இன்னொருக்காக் கூப்பிடு தம்பி. மச்சி கேக்கட்டும்."

"கூப்பிடாதீங்க" என்றார் பாத்தும்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைமை மரைக்காயர் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்.

"இழுத்துப் பிடிக்கிற ஆக்களத்தான் இவ்வளவு நாளும் பாத்தன். ரெண்டு பேரும் கைய உடுறத இண்டைக்குத்தான் பாக்கன்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஒராளுக்கு அவர் மௌத்து, ஒராளுக்கு ஹயாத்து. அதை இந்தச் சபை தீர்க்காது. வயலைத் தீர்ப்பம்."

வயலைப் பிரிக்கவில்லை. இஸ்மாலெவ்வை அதை விதைத்து வெட்டுவார். செய்தவர் பங்கு அவருக்கு, மிச்ச நெல் பாத்தும்மாவுக்கு. பாடுபட்டு எடுக்கிற நெல் காக்கா இருந்தாலும் ஹலால், இல்லாவிட்டாலும் ஹலால். மகள் வளர்ந்து கொமரானதும் வயல் அவளுக்கு. இருவரும் ஓம் என்றார்கள். கோட்டுக்கு யாரும் போகவில்லை. அடுத்த மாரியில் வயல் பச்சையாக நின்றதை நான் பார்த்தேன். பாத்தும்மா அன்றே வெள்ளை உடுத்து இத்தா இருந்தார். இஸ்மாலெவ்வை அதன் பிறகு வெட்டு முடிகிற ஒவ்வொரு போகத்திலும் காக்காவுக்கென்று ஒரு மூட்டையை ஒதுக்கி வைத்தார்.

அது யாருடைய சத்தம் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். தெரியாது. கேட்டது உண்மை.

பிறகு வந்த யுத்த வருசங்களில் எங்கள் பகுதியில் காணாமற்போனவர்கள் கூடினார்கள். வேலைக்குப் போனவர்கள், பஸ்ஸில் ஏறியவர்கள். அவர்களுடைய காணி, கடைப் பிரச்சினைகளும் சபைக்கு வந்தன. முறைக்குக் கூப்பிடு என்று என்னிடம் சொல்வார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உடனே கூப்பிடாதீர்கள். நான் முதலில் வீட்டாரிடம் போவேன். தலையைக் குனிந்துகொண்டு, "பதில் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்பேன்.

அநேகமானவர்கள் மற்றப் பக்கத்தாரைப் பார்ப்பார்கள். பிறகு என்னிடம், கூப்பிட வேண்டாம் என்பார்கள்; அவர்களிடம், உள்ளுக்கு வாங்க, கதைப்பம் என்பார்கள்.