கவிழ்த்துப் போட்ட பலகை

ஜிப்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். பைகளுக்கும் கால்சட்டைகளுக்கும் ஜிப் செய்கிற பட்டறை அவருடையது. அக்கம்பக்கத்துப் பட்டறைகள் ஒவ்வொன்றாக நொடித்தபோதும் அது மட்டும் தடதடவென்று ஓடியது. எல்லாம் தன் மூளையின் மகிமை என்று மனதார நம்பினார். வெளிநாட்டு ஜிப்புக்கு அரசாங்கம் போட்டிருந்த வரிதான் தன்னைக் காப்பாற்றுகிறது என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை.

அவர் மனைவியின் தம்பி பட்டன் செய்தவன். பட்டனுக்கான வரியை எடுத்தார்கள். கப்பல் கப்பலாகப் பட்டன் வந்து இறங்கியது. அவன் பட்டறை படுத்துவிட்டது. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில்தானா இவர் வாயைத் திறக்க வேண்டும்?

"வரி கிரின்னு சாக்குச் சொல்லக் கூடாது மாப்ள. தொழில் பண்ணத் தெரியணும்."

அவன் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினான். அவர் மனைவி கரண்டியை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதோடு விட்டாரா மனுஷன்? அவனுடைய பெயர்ப்பலகையை எடுத்துவந்து, எழுத்து அடியில் போகும்படி கவிழ்த்து, கால் அடித்து, ஜிப் கட்டுகிற மேசையாக்கிக்கொண்டார். நல்ல மரம் வீணாகலாமா என்பது அவர் கட்சி. விறகுக்குப் போட்டாயிற்று என்று அவனிடம் சொல்லிவைத்தார்.

பிறகு ஜிப்புக்கும் வரி போனது. விலையைக் குறைத்தார், ஆட்களைக் குறைத்தார், பேச்சையும் குறைத்தார். எதுவும் பலிக்கவில்லை. இயந்திரங்களை விற்று, இடத்தைக் காலி செய்கிற அன்று தூக்கிவிட ஆளில்லை. மைத்துனனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அன்று சொன்னதை அவன் திருப்பிச் சொல்லிவிடுவானோ என்று பயந்துகொண்டேதான் கூப்பிட்டார்.

அவன் வந்து மறுபேச்சில்லாமல் தோள் கொடுத்தான். கடைசியில் மேசைதான் மிச்சம்.

"அது கிடக்கட்டும் மாப்ள," என்று அவர் தடுப்பதற்குள் சாய்த்துவிட்டான். அடியில் அவன் பட்டறையின் பெயர், அவனே எழுதிய சிவப்பு எழுத்தில், கொஞ்சமும் மங்காமல் இருந்தது.

ஜிப்காரர் கூனிக் குறுகிப்போனார். "விறகுக்குப் போட்டேன்னு சொன்னது..." என்று இழுத்தார்.

அவன் எழுத்தின் மேலிருந்த தூசியைக் கையால் துடைத்தான்.

"வெளியில யாராவது உங்களுக்குத் தொழில் தெரியலைன்னு சொல்லுவாங்க. மனசுல வச்சுக்காதீங்க மாமா. எனக்கும் சொன்னாங்க."

சொன்னவர் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே வாசல்வரை நடந்தார்.